தாம்பரத்துக்கு வந்த யவனர் சரக்கு!

நம்மூரில் 'ஒயின் ஷாப்' என்றால் என்ன அர்த்தம்? ஒயினைத் தவிர மற்ற எல்லாம் அமோகமாக விற்கும் கடை என்று அர்த்தம். சந்தேகமிருந்தால் வரிசையில் நின்று, உங்கள் முறை வந்ததும் "ஒயின் குடுங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு பார்வை வரும் பாருங்கள், அது உங்களை, உங்கள் பரம்பரையை, உங்கள் ஆண்மையை ஒரே நொடியில் எடை போட்டுவிடும். பின்னால் நிற்பவர், "வீட்ல அக்காவுக்கா பாஸ்?" என்பார்.

எனக்கும் ஒயினுக்கும் சம்பந்தம் அவ்வளவுதான் இருந்தது, போன மாசம் என் மச்சான் வரும் வரை.

மச்சான் கப்பலில் எஞ்சினியர். கப்பலின் முதலாளி கிரேக்கர். (உலகத்தில் அதிகக் கப்பல் வைத்திருப்பவர்கள் பட்டியலில் அந்தச் சின்ன நாடு எப்போதும் முன்வரிசை!) ஏழு மாசம் கடலில் கிடந்துவிட்டு, ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி, விமானம் பிடித்து மீனம்பாக்கம் வந்து சேர்ந்தார். தலைக்கு இரண்டு லிட்டர் வரை கஸ்டம்ஸில் விடுவார்கள் அல்லவா? அந்தக் கணக்கில் எனக்கு இரண்டு பாட்டில். ஒன்று அரை லிட்டர் வெள்ளை. மற்றது முக்கால் லிட்டர் சிவப்பு.

"மாப்ளே, இது நம்மூர் சரக்கு மாதிரி இல்ல. சாப்பாட்டோட சாப்பிடணும். கிரீஸ்ல தாத்தா, பேரன், மருமக எல்லாம் ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிடுவாங்க" என்றார்.

ஒரே டேபிளா? கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டு டைனிங் டேபிளில் என் அம்மா உட்கார்ந்திருப்பாள், ஸார்!

அரிசி டிரம் ரகசியம்

என் மனைவி பிரச்னைக்கு உடனே தீர்வு கண்டாள். இரண்டு பாட்டிலையும் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். ஒரு விஷயத்தை அவள் மறந்துபோனாள். எங்கள் வீட்டில் அரிசி அளப்பது அம்மா.

மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும்போது டைனிங் டேபிள் மேல் இரண்டு பாட்டிலும் கல்யாணப் பெண் மாப்பிள்ளை மாதிரி ஜோடியாக நின்றிருந்தன. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காபியை டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. ரொம்ப நல்ல மனுஷர், சாயங்காலம் ஏழு மணி வரை. எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். நான் பிளஸ் டூ படிக்கும்போது கல்லீரல் கெட்டுப்போய், வயிறு வீங்கி, நாற்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார். சித்தி அவருடைய பாட்டிலில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பாளாம். "இதுக்கு மேல இறங்கினா தெரிஞ்சுடும்" என்று. சித்தப்பா குடித்துவிட்டுக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவாராம். சித்தி தினமும் பார்த்து, "பரவாயில்ல, அப்படியேதான் இருக்கு" என்று சந்தோஷப்படுவாளாம்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் சிரித்துக்கொண்டே சொல்வதில்லை.

பி.காம். மூளை வேலை செய்கிறது

சரி, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஒரு குறுகுறுப்பு. கிரீஸ் எங்கே, தாம்பரம் எங்கே? இந்தச் சரக்கு இங்கே வந்தது இதுதான் முதல் தடவையா?

விசாரித்தால் தலை சுற்றுகிறது (குடிக்காமலே!). நம்மாள் இரண்டாயிரம் வருஷமாக இந்தச் சரக்குக்கு கஸ்டமர்!

புறநானூற்றில் 56-ஆம் பாட்டு. நக்கீரர் பாடியது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர்கள் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் கொடுக்க, தினமும் பருகி இன்பமாக இருப்பாயாக என்கிறார். தருமியை அழவைத்தாரே, அதே பெயர்தான்! கடவுளிடமே குற்றம் கண்டுபிடித்ததாகக் கதையில் வருகிற அந்தப் பெயர்க்காரருக்கு இறக்குமதிச் சரக்கில் குற்றம் தெரியவில்லை.

பாட்டு மட்டும் இருந்தால், புலவர் கப்ஸா என்று தள்ளிவிடலாம். ஆதாரம் மண்ணுக்குள் கிடைத்தது. தாம்பரத்திலிருந்து பாண்டிச்சேரி போகிறீர்கள். (எதற்குப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.) ஊரைத் தாண்டித் தெற்கே நாலு கிலோமீட்டரில், ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற வெள்ளைக்காரர் அங்கே தோண்டினார். அப்புறம் பிரெஞ்சுக்காரர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டினார்கள். கிடைத்தவற்றில் முக்கியமானது ஆம்போரா என்கிற ஜாடித் துண்டுகள். இரண்டு கைப்பிடி, கூர்மையான அடிப்பாகம். ரோமானிய அளவில் ஒரு ஜாடிக்குச் சுமார் 26 லிட்டர். தரையில் நிற்காது; கப்பலின் வயிற்றில் ஒன்றுக்குள் ஒன்று இடுக்கி அடுக்குவதற்காக அந்த வடிவம்.

எலிசபெத் வில் என்ற அமெரிக்க அம்மையார் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். ஒயின் ஜாடிகளில் பெரும்பங்கு, கிரீஸைச் சேர்ந்த கோஸ் தீவு ஜாடி வகை என்று கண்டார். கோஸ் யார் ஊர் தெரியுமா? வைத்தியத்துக்குத் தந்தை என்கிறார்களே ஹிப்போகிரட்டஸ், அவர் பிறந்த ஊர். டாக்டர் ஊர் ஒயின்!

இன்னொரு ருசிகரம். கோஸ் ஒயினில் கடல் தண்ணீர் கலப்பார்கள். அது ரொம்பப் பிரபலமாகிவிட, இத்தாலிக்காரர்கள் உள்ளூர் ஒயினிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றி 'கோஸ்' பாணி ஒயின் தயாரித்தார்கள். கேட்டோ என்ற ரோமானியப் பெரியவர் அதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். அரிக்கமேட்டில் அந்தப் போலி வகை ஜாடியும் உண்டு. டூப்ளிகேட் சரக்கு இன்று நேற்று வந்ததில்லை, ஸார்!

அரிக்கமேடுகூட தூரம். நம்ம செங்கல்பட்டுப் பக்கம், பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரம் என்றொரு கிராமம். 1970 வாக்கில் தொல்லியல் துறை தோண்டியபோது அங்கேயும் இந்த ஆம்போரா துண்டுகள். அதாவது, யவனர் சரக்கு நம் ஏரியாவுக்கு எப்போதோ டெலிவரி ஆகிவிட்டது. நான் ரொம்ப லேட்.

வரவு செலவையும் பார்த்துவிடுவோம். இங்கிருந்து போனது மிளகு, முத்து, மெல்லிய துணி. அங்கிருந்து வந்தது ஒயின், பவளம், மிச்சத்துக்குத் தங்கக் காசு. வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி முதல் நூற்றாண்டில் புலம்பியிருக்கிறார். வர்த்தகப் பற்றாக்குறைக்காக அவர்கள் அழுத காலம்! நம் பக்கமோ இறக்குமதி ஒயினுக்குப் பல வருஷமாக 150 சதவீத சுங்கவரி போட்டு வந்தார்கள். ஏதென்ஸில் பெட்டிக்கடை விலைக்குக் கிடைக்கிற பாட்டில், இங்கே ஸ்டார் ஹோட்டலுக்கு வந்தால் மாசச் சம்பளத்தில் ஒரு மூலையைக் கேட்கிறது. மச்சான் இல்லாதவர்கள் பாவம்.

அம்மாவின் மூன்று சட்டம்

இதையெல்லாம் ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். நக்கீரர் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நக்கீரர் குடிச்சாரோ, ராஜா குடிச்சானோ, எனக்குத் தெரியாது. உங்க சித்தப்பா ஒளிஞ்சு குடிச்சான். வெறும் வயித்துல குடிச்சான். தனியாக் குடிச்சான். நீ குடிக்கறதுன்னா என் கண்ணு முன்னாடி, சோத்தோட, எல்லாரும் உக்காந்திருக்கறப்ப குடி. அது முடியாதுன்னா பாட்டிலைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடு."

அம்மா ஆறாவது வரை படித்தவள். கிரேக்கர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் முன்பு போட்டு வைத்த விதிகளை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பழைய கிரேக்கர்கள் ஒயினை நேராகக் குடிக்க மாட்டார்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். எவ்வளவு தண்ணீர் என்பதை முடிவு செய்ய விருந்தில் ஒரு தலைவர். கலக்காமல் குடிப்பவன் காட்டுமிராண்டி! இன்றைக்கும் கிரேக்க மொழியில் ஒயினுக்கு 'க்ராசி' என்றுதான் பெயர். 'கலப்பு' என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை

ஞாயிறு மதியம். நெத்திலி வறுவல், வஞ்சிரம் குழம்பு, சாதம். முதலில் வெள்ளை பாட்டில். பெயர் ரெட்சினா. சோடா பாட்டில் மாதிரி மூடி. ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்திருந்தேன். திறந்ததும் வாசனை வந்தது பாருங்கள்...

"என்னடா, சாம்பிராணி போட்டாப்ல இருக்கு?" என்றாள் அம்மா.

கரெக்ட்! ரெட்சினாவில் பைன் மரப் பிசின் கலக்கிறார்கள். அந்தக் காலத்தில் மண் ஜாடி ஒழுகாமலிருக்கப் பிசின் பூசினார்கள், அந்த வாசனை ஒயினில் இறங்கியது. நாக்கு பழகிவிட்டது. ஜாடி போய்க் கண்ணாடி வந்த பிறகும் பிசினை விட மனசில்லை. நமக்குப் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் மாதிரி. நன்மாறனின் பொற்கிண்ணத்திலும் ஏறக்குறைய இந்த வாசனைதான் வந்திருக்குமோ என்று தோன்றியது.

முதல் வாய், நிஜத்தைச் சொல்கிறேன், தார்ப்பின் எண்ணெய். 'இதுக்கா இவ்வளவு ஆராய்ச்சி?' என்று நினைத்தேன். பிறகு ஒரு நெத்திலி. மறுபடி ஒரு வாய். அட! எண்ணெய்ப் பிசுக்கு, காரம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு நாக்கு சுத்தமாக, அடுத்த நெத்திலிக்குத் தயாராக இருக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன நடக்குமோ அது. கிரீஸிலும் இதை வறுத்த சின்ன மீனோடுதான் சாப்பிடுவார்களாம். மச்சான் போனில் சொன்னார்.

கிளாஸைத் தூக்கி மச்சான் கற்றுக்கொடுத்தபடி, "யாமாஸ்!" என்றேன்.

அம்மா திடுக்கிட்டாள். "என்னது, யமனா? சாப்பிடற நேரத்துல யமனையா கூப்பிடறே?"

"இல்லம்மா. கிரேக்க பாஷைல, 'நம்ம ஆரோக்கியத்துக்கு'ன்னு அர்த்தம்."

"அவனுக்கு ஆரோக்கியம். நமக்கு யமன். பார்த்துக் குடி" என்றாள்.

ஸ்க்ரூவும் சந்தையும்

சிவப்பு பாட்டில் அடுத்த வாரம். இதில் கார்க். கார்க் திருகி என்ற சாதனம் எங்கள் பரம்பரையில் யார் வீட்டிலும் இருந்ததில்லை. ஸ்க்ரூவை முறுக்கி, குறடால் இழுத்தேன். பாதி கார்க் வந்தது. மீதி உள்ளே போயிற்று. டீ வடிகட்டியில் வடிகட்டிக் குடித்தோம். (பிறகு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த ஒன்று நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அந்தச் சந்தையில் கிடைக்காதது ஒயின் மட்டும்தான்!)

திராட்சையின் பெயர் அயோர்யிட்டிகோ. வாயில் நுழையவில்லையா? 'ஜார்ஜ் முனிவருடையது' என்று அர்த்தம். நம்ம ஜார்ஜ் கோட்டை ஜார்ஜேதான்! நெமியா என்ற ஊரில் விளைகிறது. ஹெர்குலிஸ் சிங்கத்தைக் கொன்றதாகச் சொல்லும் ஊர். மட்டன் சுக்காவோடு அருமை. ஒரு எச்சரிக்கை: சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்கணும் என்பார்கள். அது அவர்கள் ஊர் ரூம். பதினாறு, பதினெட்டு டிகிரி. மே மாசத் தாம்பரம் ரூமில் வைத்தால் ரசம் மாதிரி கொதிக்கும். குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜிலேயே வைத்து, இரண்டு மூன்று நாளில் முடிக்கவேண்டும். இல்லாவிட்டால் வினிகர்.

வேறு எந்த கிரேக்க ஒயின் கண்ணில் பட்டாலும் பெயர் தெரிந்திருக்கட்டும். சான்டோரினி எரிமலைத் தீவின் அசிர்ட்டிகோ: வெள்ளை, புளிப்பு, லேசாக உப்புச் சாயல். அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் கொடியைப் பந்தலில் ஏற்றாமல் தரையிலேயே கூடை மாதிரி சுற்றி, பழத்தை அதற்குள் காப்பாற்றுகிறார்கள். இறால் வறுவலுக்கு ஜோடி. வடக்கே க்ஸினோமாவ்ரோ: பெயருக்கே 'புளிப்புக் கறுப்பு' என்று அர்த்தம். மாஸ்கோஃபிலெரோ: ரோஜாப்பூ வாசனை.

ரோஜா வாசனை என்றதும் நம் பன்னீர் திராட்சை ஞாபகம் வருகிறதா? கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதன் அசல் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதே ரகம் கிரீஸில் டிர்னவோஸ் என்ற ஊரிலும் விளைகிறது. தாம்பரம் மார்க்கெட் தள்ளுவண்டிப் பழத்துக்கு கிரீஸில் பங்காளி!

உடனே ஜாடியும் சர்க்கரையுமாகக் கிளம்பிவிடாதீர்கள். பரங்கிமலை, பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஒயின் போடும் வழக்கம் பழசுதான். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி குற்றம். வாங்கவும் இருபத்தொரு வயது ஆகியிருக்கவேண்டும்.

கணக்கு உதைக்கிறது

"ஒயின்னா ஜூஸ் மாதிரிதானே பாஸ், எவ்வளவு வேணா அடிக்கலாம்" என்பான் ஆபீஸ் நண்பன். அவனுக்காக ஒரு கணக்கு. 12 சதவீத ஒயின், 150 மில்லி கிளாஸ்: உள்ளே சுமார் 14 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் பிராந்தி, 180 மில்லி, 42.8 சதவீதம்: சுமார் 61 கிராம். அதாவது குவார்ட்டர் ஒன்றில் நாலு கிளாஸுக்கு மேல் ஒயின் இருக்கிறது. அப்பாடா என்கிறீர்களா? இருங்கள். 13 சதவீத ஒயின் ஒரு முழு பாட்டிலில் 77 கிராம். குவார்ட்டரைவிட அதிகம்! கல்லீரலுக்கு பாட்டிலின் லேபிள் படிக்கத் தெரியாது. கிராம்தான் தெரியும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவன்தான் நான். இருந்தும் ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் யோக்கியமில்லை.

சிவப்பு பாட்டில் திறந்த மறுநாள். ஆபீஸில் ஒரு தகராறு. நான் சரிபார்த்த கணக்கில் தப்பு என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினார் மேலதிகாரி. தப்பு அவருடையது. பதினோரு மணி வரை தூக்கம் வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். விளக்குப் போடவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். கிளாஸ்கூடத் தேடவில்லை.

ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் லேபிள் தெரிந்தது. அதன் மேல், ஒயின் நிற்கிற மட்டத்தில், நீல பால்பாயிண்ட்டில் ஒரு கோடு.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கோடு போட்டவள் ஹாலில் தூங்காமல்தான் படுத்திருப்பாள் என்று தெரியும். இருமல் சத்தம்கூட இல்லை. தனியாக. இருட்டில். வெறும் வயிற்றில். மூன்று சட்டத்தையும் ஒரே நிமிஷத்தில் உடைக்க இருந்தேன். நாலாவதாக, குழாய்த் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. கோடு வரைக்கும் ஊற்றி வைக்க எவ்வளவு நேரமாகும்?

பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

கிரீஸில் சாமோஸ் தீவில் டூரிஸ்ட்டுகளுக்கு ஒரு கோப்பை விற்கிறார்கள். பிதாகரஸ் கோப்பை. ஆமாம், ஸ்கூலில் உயிரை வாங்கிய அதே தேற்றக்காரர் கண்டுபிடித்தது என்பார்கள். உள்ளே ஒரு கோடு இருக்கும். கோடு வரை ஊற்றினால் சமர்த்தாக நிற்கும். பேராசைப்பட்டு ஒரு சொட்டு கூட ஊற்றினால் நடுவிலிருக்கும் குழாய் வழியாக மொத்தமும் அடியில் ஓடிப்போய்விடும். ஒரு துளி மிஞ்சாது. சித்தப்பாவிடம் அந்தக் கோப்பை இருந்திருக்கலாம். அல்லது, அவர் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிய முதல் நாளே யாராவது ருசி பார்த்திருக்கலாம்.

அடுத்த நாள் ராத்திரி சப்பாத்தி, முட்டைக் குழம்பு. எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கும் மனைவிக்கும் அரை அரை கிளாஸ். பாட்டில் காலி.

அம்மா அதைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, பக்கத்து வீட்டு மணி பிளான்ட்டில் ஒரு கிளை ஒடித்து வைத்துவிட்டாள். ஜன்னலோரம் இருக்கிறது. லேபிள் ஊறி உரிந்துவிட்டது. தண்ணீர் குறைந்தால் ஊற்றவேண்டுமே, அதற்கு அடையாளமாக பாட்டிலின் மேல் நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டிருக்கிறாள்.

மச்சானின் அடுத்த கப்பல் மார்ச்சில் திரும்புகிறது.

"இந்தத் தடவை என்ன கொண்டு வரட்டும்?" என்று போனில் கேட்டார்.

அம்மா குறுக்கே வாங்கிப் பேசினாள்: "ஒரே ஒரு பாட்டில் போதும். அந்த சாம்பிராணி வாசனை வந்துதே, அது. நெத்திலி நான் வாங்கி வைக்கறேன்!"